பெயருக்கு நேரே ஓர் எக்ஸ்

துரையின் மேஜைமேல் இருந்த தாளில் எட்டுப் பெயர்கள் டைப் அடிக்கப்பட்டிருந்தன. ஏழு பெயர்களுக்கு நேரே ஒன்றுமில்லை. முதல் பெயருக்கு நேரே மட்டும் சிவப்புப் பென்சிலால் பெரிதாக ஓர் எக்ஸ்.

முதல் பெயர் தேவப்பிரியம். பார்த்துக்கொண்டிருந்தவரும் தேவப்பிரியம்.

கையிலிருந்த ஃபைலை மேஜைமேல் வைக்கத்தான் அவர் துரையின் அறைக்குள் வந்தார். வைக்காமலே வெளியே வந்துவிட்டார். வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்து மறுபடி உள்ளே போனார். எக்ஸ் அங்கேயேதான் இருந்தது. அடியில் இன்னொரு தாளும் குண்டூசியால் கோத்திருந்தது. அதைப் புரட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தேவப்பிரியம் ராயபுரத்தில், துறைமுகச் சுவரை ஒட்டியிருந்த ஒரு கம்பெனியின் ஹெட் கிளார்க். கப்பலில் வரும் சரக்கை இறக்கிக் கிடங்கில் சேர்ப்பது கம்பெனியின் வேலை. சேர்ந்துவிட்டது என்பதை யாருக்கும் புரியாத ஆங்கிலத்தில் எழுதுவது தேவப்பிரியத்தின் வேலை. எழுதுவது இவர், அடிப்பது டைப்பிஸ்ட் ஃப்ளோரன்ஸ், கையெழுத்துப் போடுவது துரை. தெற்கே நாசரேத்திலிருந்து பட்டணம் வந்து இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. அவருடைய ஒரு வாக்கியம் தொடங்கி முடிவதற்குள் ரயில் எண்ணூர் போய்த் திரும்பிவிடும் என்பது ஆபீஸ் பேச்சு. துறைமுகம் முழுவதிலும் ஆங்கிலம் ஒழுங்காக அறிந்தவர்கள் இரண்டே பேர் என்பது அவருடைய கணிப்பு. மற்றவர் காலமாகிவிட்டார்.

பிறர் எழுதியதன்மேல் சிவப்புப் பென்சிலால் எக்ஸ் போடுவது அவருக்குக் காப்பி குடிப்பதைவிடப் பிடித்த காரியம். ஃப்ளோரன்ஸ் அடித்த தாளில் எக்ஸ். இரண்டாவது கிளார்க் செல்வநாதனின் கடிதத்தில் எக்ஸ். ஒருமுறை எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரத்திலும் போட்டுவிட்டு வந்தார். சுற்றறிக்கை என்றால் கையாலேயே தொடமாட்டார். "அந்த இங்கிலீஷைப் படித்தால் எனக்கு மதியச் சோறு இறங்காது" என்பார். பியூன் காஜா மொய்தீன் எதையாவது கொண்டுவந்து நீட்டினால், குனிந்த தலை நிமிராமலே, "நீயே முடிச்சுக்கய்யா" என்று கையை வீசுவார். போன திங்கட்கிழமையும் அப்படித்தான் வீசினார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது சாதாரணத் தாள் அல்ல. சூப்பரின்டெண்ட் பதவிக்குத் தம்முடைய தகுதிகளை விளக்கும் விண்ணப்பம். மூன்றாம் பக்கத்தில் முதல் வாக்கியம் இன்னும் முடியாமல் இருந்தது.

பழைய சூப்பரின்டெண்ட் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய கைவைத்த நாற்காலி காலியாக இருந்தது. ஆபீசில் மற்ற எல்லா நாற்காலிக்கும் கை கிடையாது. இருபத்தாறு வருஷமாக முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த தேவப்பிரியத்துக்கு, அந்த இரண்டு மரக்கைகளும் தம்மை நோக்கியே நீண்டிருப்பதாகத் தோன்றியது. புது சூப்பரின்டெண்ட் யார் என்பதை வெள்ளிக்கிழமை அறிவிப்பதாகப் பெம்பர்டன் துரை சொல்லியிருந்தார். துரை ரங்கூனிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஆனால் தேவப்பிரியம் தண்டையார்பேட்டையில் தம் தெரு முழுவதற்கும் அறிவித்து ஒரு மாதம் ஆகிறது.

இன்று புதன்கிழமை. பெயருக்கு நேரே எக்ஸ்.

யாரையும் நேராகக் கேட்க முடியாது. இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கு அர்த்தம் தெரியவில்லை என்று தேவப்பிரியம் போய்க் கேட்பதா? செல்வநாதனின் மேஜைப் பக்கம் மெதுவாக நகர்ந்தார்.

"செல்வநாதன், சும்மா ஒரு ஆராய்ச்சிக்காகக் கேக்கேன். எக்ஸுன்னு ஒரு எழுத்து இருக்கில்லையா, அதை ஓரிடத்துல ஒருத்தர் போட்டா என்ன அர்த்தம்?"

"நீங்க போட்டா தப்புன்னு அர்த்தம் சார்."

"நான் போட்டா இல்லய்யா. வேற ஒருத்தர்."

செல்வநாதன் அதிகம் பேசாத ஆள். கணக்கில் கெட்டிக்காரர். யோசித்துச் சொன்னார். "அல்ஜீப்ராவுல எக்ஸுன்னா இன்னதுன்னு தெரியாத விஷயம் சார். உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியாது. துருவித் துருவிப் பார்த்து வெளிய கொண்டாரணும்."

"துருவியா?"

"ஆமா சார். விடமாட்டோம். கடைசி வரியில ஆள் அகப்பட்டே தீருவான்."

தேவப்பிரியத்துக்குப் புரிந்துவிட்டது. துரை துருவிக்கொண்டிருக்கிறார்! தம்மிடம் வெளியே தெரியாத விஷயம் என்னென்ன என்று யோசித்துப் பார்த்தார். நிறையவே இருந்தன. அகப்படுவதற்கு முன்னால் தாமே போய்ச் சொல்லிவிட்டால் தண்டனை குறையும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டு வளர்ந்தவர் அவர்.

துரை துறைமுகத்திலிருந்து திரும்பித் தொப்பியைக் கழற்றுமுன் தேவப்பிரியம் எதிரே நின்றார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

"ஐயா, நீங்களாகக் கண்டுபிடிக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். என் கடிதங்கள் என்னுடையவை அல்ல."

"அப்படியா?"

"மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு கடிதப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எல்லாம். புத்தகத்தில் இல்லாததை மிஸ் ஃப்ளோரன்ஸ் பார்த்துக்கொள்வாள்."

உண்மை இதைவிடக் கொடியது. அவருடைய மூன்று பக்கங்களை ஃப்ளோரன்ஸ் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, 'சரக்கு வந்தது, ஆளனுப்பவும்' என்று நாலு வரி அடித்துத் துரையிடம் கையெழுத்து வாங்கி வந்தாள். பல வருஷமாக இது அவருக்குத் தெரியாது.

துரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நீலக் கண்களில் என்னவோ கசிந்தது.

"எனக்குத் தெரியும் தேவப்பிரியம். திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது."

"திங்கட்கிழமையேவா?"

"இருபத்தாறு வருஷம்! இதை மறைத்து வைத்துக்கொண்டு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள்! வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனையோ நல்ல மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். வயது ஒரு தடையே அல்ல. உங்களுக்காக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சொல்கிறேன்."

 சொன்னது போதாது என்று தேவப்பிரியம் நினைத்தாரோ என்னவோ, மதியச் சாப்பாட்டுக்குப்பின் கிடங்கில் கோணி அடுக்கின்மேல் தூங்குவதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் அவர் மனைவி அடைக்கலமேரி முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"துரை உங்களக் கேட்டாரா?"

"கேக்கல."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"எக்ஸு போட்டிருந்துது மேரி."

"எக்ஸு போட்டா? கோணி மேல தூங்குனது மொதக்கொண்டு ஒப்பிச்சிட்டு வந்துருவீங்களோ? ஏற்பாடு செஞ்சிருக்கேன்னாராமே, என்ன ஏற்பாடு? மாலை போட்டு வழியனுப்புற ஏற்பாடுதான். கொழாயடியில எல்லாவளும் என்னைய 'சூப்பிரண்டு வீட்டம்மா, மொதல்ல நீங்க பிடிங்க'ன்னு வழி விடுதாளுவ. நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட கொடத்தத் தூக்கிட்டுப் போவேன்?"

தேவப்பிரியம் அகராதியை எடுத்தார். மற்ற எழுத்துகளுக்கெல்லாம் ஐம்பது பக்கம், நூறு பக்கம் என்று வயலும் வரப்புமாகக் கிடந்தது. எக்ஸுக்கு அரைப் பக்கம். அதிலும் பாதி, யாரும் வாசிக்காத வாத்தியங்களின் பெயர். இருபத்தாறு எழுத்துகளில் இவ்வளவு சோம்பேறி எழுத்து வேறில்லை என்று தெரிந்தது. ஆனால் வேலையில்லாமல் சும்மா இருப்பவனைத்தானே ஊரார் ஆளுக்கொரு வேலை ஏவுவார்கள்? சொற்களில் வேலையில்லாத இந்த எழுத்தை வெள்ளைக்காரன் வெளியே எதற்கெல்லாம் ஏவுகிறான் என்பது அகராதியில் இல்லை. பயத்துக்கு நடுவிலும் தேவப்பிரியத்துக்கு அதை அறிய ஆவல் பிறந்தது. வெள்ளைக்காரன் வீட்டு வழக்கம் தெரிந்தவளைத்தான் கேட்கவேண்டும்.

மறுநாள் காலை ஃப்ளோரன்ஸின் டைப்ரைட்டர் அருகே போய் நின்றார்.

"மிஸ் ஃப்ளோரன்ஸ், ஒரு ஆராய்ச்சி. உங்க ஆளுங்க எக்ஸை எதுக்குப் பயன்படுத்துறது?"

"எங்க போட்ட எக்ஸ் சார்? லெட்டர்லயா?"

"ஒரு தாள்லன்னு வெச்சுக்குங்க. பேருக்கு நேரா."

ஃப்ளோரன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க ஆன்ட்டி பெர்த்ல இருந்து எழுதினா கடைசியில நாலு எக்ஸ் போடும். நாலு முத்தம்னு அர்த்தம் சார்."

"என்ன?"

"கிஸ் சார். ஒரு எக்ஸ்னா ஒண்ணு. உங்களுக்கு எத்தன போட்டிருக்காங்க?"

"ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, "எனக்கு யாரும் போடலை!" என்று கத்தினார். எட்டு பேர் ஆபீசில் ஏழு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பெம்பர்டன் துரைக்கு வயது ஐம்பது. மணமாகாதவர். நரைத்த மீசை. அந்த மீசையைத் தேவப்பிரியம் இதற்குமுன் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது என்றாரே! வயது ஒரு தடையே அல்ல என்றாரே!

கர்த்தரே என்று அவர் முனகியபோது தோள்மேல் ஒரு கை விழுந்தது.

துரைதான். முகத்தில் நேற்றைய அதே கனிவு. "தேவப்பிரியம், உங்கள் வலது கையைக் கொடுங்கள்."

"எதற்கு ஐயா?"

"பயப்படாதீர்கள்." துரை அவருடைய கையை எடுத்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, நடுவில் ஒரு புதுப் பென்சிலை வைத்து மூடினார். மூடியவர் கையை விடவில்லை. "இறுக்க வேண்டாம். இப்படி, மென்மையாக. பழகினால் சரியாகிவிடும்."

தேவப்பிரியம் கையை உருவிக்கொண்டு ஓடினார். மாடிப்படியில் ஓடி, முற்றத்தில் ஓடி, கிடங்கில் மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அது மறைய ஏற்ற இடமல்ல. ஏழாவது தும்மலில் டாலி கிளார்க் கஸ்பார் வந்துவிட்டான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது அவன் வேலை. சண்டைக் காலத்தில் கப்பலில் கரியள்ளப் போய், லிவர்பூலில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்த ராயபுரத்துக்காரன்.

"இன்னா சார், மொளகா மூட்டைக்குப் பின்னால குந்திகினு கீறீங்க? யார்னா தொரத்துறாங்களா?"

"கஸ்பார், நீ சீமையில இருந்தவன். சத்தியமாச் சொல்லு. எக்ஸுன்னா என்ன?"

"அட, இத்துக்குத்தான் இம்மாம் பேஜாரா?" கஸ்பார் ஒரு மூட்டையில் சாய்ந்துகொண்டான். "நம்மூர்ல போன மாசம் ஓட்டு எப்டி சார் போட்டோம்? படம் பார்த்து, பொட்டியில சீட்டப் போட்டோம். அங்க அப்டி இல்ல. நான் தங்கிகினு இருந்த வூட்டு அம்மா ஓட்டுப் போடப் போச்சி, நானும் தொணைக்குப் போனேன். சீட்டுல பேரா எழுதிக் கீது. யாரு வேணுமோ அவன் பேருக்கு நேரா ஒரு எக்ஸ். அவ்ளோதான்."

"வேணாம்னா எக்ஸா, வேணும்னா எக்ஸா?"

"வேணும்னாதான் சார்! வேணாதவன் பேர சும்மா வுட்டுருவான். எக்ஸ் வாங்குறவன்தான் ஜெயிச்சவன்."

தேவப்பிரியம் மெதுவாக எழுந்து நின்றார். வேட்டியில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூளைத் தட்டினார். தட்டத் தட்ட எல்லாம் தெளிவாயிற்று. தோளில் விழுந்தது பாராட்டும் கை. பென்சில் பதவிக்குரிய பென்சில். இறுக்க வேண்டாம், மென்மையாக என்றது, கீழே வேலை செய்பவர்களை நடத்தவேண்டிய முறை. வயது ஒரு தடையே அல்ல என்பதும் உண்மைதானே? சும்மா விடப்பட்ட ஏழு பேரை நினைத்து அவருக்கு இரக்கமே வந்துவிட்டது.

"என்ன எழுத்துய்யா இது!" என்றார் வியப்போடு. "நான் போட்டா தப்பு. அவங்க போட்டா கிரீடம்."

அன்று பகல் ஆபீசில் ஆளுக்கு இரண்டு ஜாங்கிரி வழங்கப்பட்டது. எதற்கு என்று கேட்டவர்களுக்கு, "நாளைக்குத் தெரியும்" என்று பதில் கிடைத்தது. வண்ணாரப்பேட்டைத் தையற்காரரிடம் யாருக்கோ தைத்து வைத்திருந்த கறுப்புக் கோட்டு ஒன்றை, கை கொஞ்சம் நீளமானாலும் பரவாயில்லை என்று தேவப்பிரியம் ஆளனுப்பி வாங்கினார். செல்வநாதனை அழைத்து, "ஒரு சூப்பரின்டெண்டுக்குக் கீழே எப்படி நடந்துக்கணும்னு உமக்குச் சொல்லித் தரணும்" என்று அரைமணி நேரம் சொல்லித் தந்தார். செல்வநாதன் ஜாங்கிரியை முடித்துவிட்டு, "சரி சார்" என்றார்.

பிறகு தேவப்பிரியம் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். முழங்கைகள் இரண்டும் இடம் கண்டன. கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது துரை வந்து நின்றார்.

"மன்னிக்கவேண்டும் ஐயா" என்று தேவப்பிரியம் எழுந்தார்.

"பரவாயில்லை. ஒன்று கேட்கவேண்டும் என்று நினைத்தேன்." துரை குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தார். "ஏ, பி, சி... அவ்வளவாவது தெரியுமல்லவா?"

இதுதான் வெள்ளைக்காரரின் நகைச்சுவை என்று தேவப்பிரியம் புரிந்துகொண்டார். பெரிய பதவியைக் கொடுக்குமுன் இப்படி இலேசாகக் கேலி செய்வார்கள். அதற்குப் பணிவாகப் பதில் சொல்லவேண்டும் என்று கடிதப் புத்தகத்திலேயே இருந்தது. கையைக் குவித்துத் தலை குனிந்தார்.

"தங்கள் மகத்தான மொழியின் வாசற்படியில்கூட நான் இன்னும் கால் வைக்கவில்லை ஐயா. எந்த எழுத்தையும் அறிந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அருகதை இல்லை. தாங்கள் கைப்பிடித்து அழைத்துப் போகவேண்டும்."

 துரை கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார். "அழைத்துப் போகிறேன், நண்பரே" என்றார்.

நண்பரே! அன்று மாலை அடைக்கலமேரி குழாயடிக்கு இரண்டு குடத்தோடு போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முற்றத்தில் எல்லாரையும் கூட்டினார்கள். கிளார்க்குகள் ஒரு பக்கம், மேஸ்திரிகளும் மூட்டை தூக்குகிறவர்களும் ஒரு பக்கம். தேவப்பிரியம் கறுப்புக் கோட்டோடு முன்னால் நின்றார். மாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோட்டின் கை விரல் நுனிவரை வந்தது. துரை கூப்பிட்டதும் எடுத்துவைக்க வலது காலைச் சற்று முன்னாலேயே வைத்திருந்தார்.

துரை தொண்டையைச் செருமினார். "இன்றுமுதல் சூப்பரின்டெண்ட், திரு. செல்வநாதன்."

எல்லாரும் கை தட்டினார்கள். தேவப்பிரியமும் தட்டினார். பெயர் காதில் விழுந்து உள்ளே போய்ச் சேர்வதற்கு நாலு தட்டல் ஆயிற்று. ஐந்தாவதில் கை நின்றுவிட்டது.

துரை நேராக அவரிடம் வந்தார். கோட்டுக்குள் மறைந்திருந்த கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்கள் அனுபவத்துக்கு உங்களுக்குத்தான் கொடுத்திருப்பேன் தேவப்பிரியம். அடுத்த முறை பார்ப்போம். இனி எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, மறக்காமல் வாருங்கள்."

துரையின் கார் புறப்பட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. ஆட்கள் கலைந்தார்கள். செல்வநாதன் கூச்சத்தோடு கைவைத்த நாற்காலியைத் துடைக்கப் போனார். முற்றத்தில் தேவப்பிரியமும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்ற பியூன் காஜா மொய்தீனும்தான் மிச்சம்.

"எக்ஸு போட்டாரே!" என்றார் தேவப்பிரியம், யாரிடம் என்றில்லாமல். "என் பேருக்கு மட்டும் போட்டாரே! அப்ப அந்த எக்ஸுக்கு என்னதான் அர்த்தம்?"

"தொரை அப்பால போட்டாரு சார். அடியில கோத்த தாள்ல மொதல்ல போட்டவன் நான்" என்றார் காஜா மொய்தீன்.

"நீயா?"

காஜா மொய்தீன் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தார். கையில் இரண்டு புதுச் சிலேட்டுகள் இருந்தன. ஒன்றைத் தேவப்பிரியத்திடம் நீட்டினார்.

"திங்கக்கெழம அந்த சர்க்குலர்ல எல்லாரான்டையும் கையெழுத்து வாங்கிகினு வரச் சொன்னாங்க, நீங்க தலையத் தூக்காம 'நீயே முடிச்சுக்கய்யா'ன்னீங்க, எனக்கும் மூட்ட தூக்குற ஆளுங்களுக்கும் தெரிஞ்ச கையெழுத்து அந்தக் கீறல் ஒண்ணுதான் சார், உங்க பேருக்கும் அத்தையே கீறி முடிச்சுட்டேன், கவலப்படாதீங்க, ஃப்ளோரன்சம்மா எடுக்கிற ஏபிசிடி கிளாசுல என் பக்கத்துலயே உங்களுக்கு எடம் புடிச்சு வெச்சுக்கீறேன்."